நடுவட்டத்தில் குத்துவிளக்கு

அம்பலவாணனுக்கு நம்பிக்கை வந்தால் கோபமும் கூடவே வந்துவிடும். இரண்டும் ஒரே பஸ்ஸில் வருகிறவை. மிடில்செக்ஸ் மரினர்ஸ் கூடைப்பந்துக் கழகம் புதிய பருவத்துக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது என்று உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி வந்தால் போதும். ரெய்னர்ஸ் லேனில் அவருடைய வீட்டுக் கதவுகள் எல்லாம் வழக்கத்தைவிடப் பலமாகச் சாத்தப்படும்.

மரினர்ஸ் என்றால் மாலுமிகள். மிடில்செக்ஸில் கடல் கிடையாது. மிடில்செக்ஸே கிடையாது, அந்த மாவட்டத்தை இங்கிலாந்து அரசாங்கம் எப்போதோ கலைத்துவிட்டது. இல்லாத ஊரின் இல்லாத கடலில் ஓடுகிற கப்பல் எந்தக் கரையில் போய்ச் சேரும் என்று அம்பலவாணனே கேட்பார். அவர் கேட்கலாம். வேறு யாராவது கேட்டால் தெரியும் சேதி. சம்பளத்துக்கு விளையாடுகிற அணிதான். ஆனால் அந்தச் சம்பளம் எவ்வளவு என்றால், பாதிப் பேர் பகலில் பள்ளிக்கூடங்களில் பி.டி. மாஸ்டர் வேலை பார்த்தார்கள்.

அகதியாக வந்த முதல் மாரியில், குளிருக்கு ஒதுங்க ஓர் இடம் தேடி லெஷர் சென்டருக்குள் நுழைந்த அம்பலவாணன், பந்து மரத்தரையில் அடிபடுகிற சத்தத்தைக் கேட்டு கேலரிக்கு ஏறினார். பிறகு இறங்கவேயில்லை. இடையில் கவுன்சிலின் வடிகால் பிரிவில் என்ஜினியர் ஆனார், வீடு வாங்கினார், தலைமயிர் போனது. மரினர்ஸ் மட்டும் ஒரு கோப்பையும் வாங்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுப் பருவம் வேறு. டுவெயின் ஹாலிஸ்டர் வந்திருந்தான். ஒஹாயோக்காரன், ஆறடி ஒன்பது அங்குலம். பயிற்சி நாட்களில் அம்பலவாணன் வேலை முடிந்து நேரே கேலரிக்குப் போய் அவனைப் பார்த்தார். கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்குவான். வலது தோளை ஒருமுறை அசைப்பான். மறிக்கிறவன் அந்தப் பக்கம் சாய்வான். இவன் மறுபக்கத்தால் திரும்பிப்போய்ப் பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வருவான். எறிவதில்லை, வைப்பான், அலுமாரியில் சீனிப்போத்தலை வைக்கிறமாதிரி.

"இந்தமுறை கோப்பை எங்களுக்குத்தான்!" என்றார் வீட்டுக்கு வந்து, மேசையில் குத்தி.

"அதுக்கு ஏன் என்னோட சண்டைக்கு வாறியள்?" என்றாள் மனைவி சிவகௌரி. மருந்துக்கடைக் கவுண்டரில் பகல் முழுவதும் பிறருடைய வருத்தங்களைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சண்டை இல்லையப்பா. சந்தோசத்தில சொல்லுறன்."

"சந்தோசத்துக்கே இந்தக் கத்தலெண்டா, கவலை வந்தா பொலிசுக்குத்தான் போன் அடிக்கவேணும்."

கவலை அடுத்த வாரமே வந்தது. கழகத்தின் சொந்தக்காரர் மிஸ்டர் பிராட்வெல் கேலரிக்கு ஏறிவந்தார். இரட்டைக் கண்ணாடி யன்னல் விற்றுப் பணக்காரரானவர். அதனாலோ என்னவோ, எதையும் இரண்டு தடவை சொல்லுவார். "நாங்கள் ஒரு குடும்பம், ஒரு குடும்பம்" என்று அம்பலவாணனின் தோளில் தட்டினார். முதலாளி வாயில் குடும்பம் என்ற சொல் வந்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அப்படியேதான் ஆயிற்று. கதிரைகளில் பாதி காலி. டிசம்பரில் நத்தார் வருவதற்குள் மண்டபம் நிறையத் தொடங்காவிட்டால் ஹாலிஸ்டரை ஒஹாயோவுக்கே அனுப்பிவிடவேண்டியதுதான் என்றார் பிராட்வெல். இரண்டு தடவை சொன்னார்.

அம்பலவாணன் அன்றிரவு யோசித்து, தன் வாழ்க்கையின் பெரிய பிழையைச் செய்யத் தீர்மானித்தார். தமிழர் மேம்பாட்டு மன்றத்தின் நிர்வாகக் கூட்டத்துக்குப் போனார்.

மன்றத்தின் தலைவர் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா. சமூகஜோதி, சேவைச்செம்மல், இன்னும் இரண்டு பட்டங்கள். எல்லாம் அவர் தலைவராக இருந்த மன்றங்களே அவருக்குக் கொடுத்தவை. நோயாளிக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் கொடுக்கமாட்டார். மைக்குக்கு அப்படிக் கணக்குப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

"நல்ல விசயம் காணும்," என்றார் டொக்டர். "எங்கட பிள்ளையளும் பாக்கத்தான் வேணும். இந்த வலைப்பந்து..."

"கூடைப்பந்து, டொக்டர்."

"ஓம், ஓம். ஊரில பெட்டையள் விளையாடுறது."

"அது வேறை, இது வேறை."

"பந்து இருக்குதோ? வலை இருக்குதோ? பேந்தென்ன?"

அம்பலவாணன் பல்லைக் கடித்தார். "சனம் வந்து கதிரையில இருந்தாக் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"சும்மா வந்து இருக்கிறதோ?" டொக்டர் சிரித்தார், கமிட்டியும் சிரித்தது. "எங்கட சனத்தைச் சும்மா வாவெண்டா வருமே? விழா எண்டாத்தான் வரும். முதலாவது மட்சுக்கு முன்னம் ஒரு சின்ன வாழ்த்து விழா வைப்பம். சின்னனா, ஒரு முக்கால் மணித்தியாலம்."

சின்ன விழா என்று எதுவும் கிடையாது என்பது அம்பலவாணனுக்குத் தெரியும். ஆனால் நிறைந்த கதிரைகள் அவர் கண்ணுக்குள் வந்து நின்றன. சீனிப்போத்தல் வைக்கிற அந்தக் கை ஒஹாயோவுக்குத் திரும்பக்கூடாது. சரி என்றார்.

பருவத்தின் முதல் ஆட்டம், சனிக்கிழமை, இரவு எட்டு மணி. எதிரணி வடக்கேயிருந்து வந்த ட்ரென்ட்சைட் டைட்டன்ஸ். விழா ஆறரைக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. ஆறரைக்கு வந்தவர்கள் அம்பலவாணனும் மண்டபத்தைத் திறக்கிற ஆளும்தான். ஏழுமணிக்கு மேல் சனம் வரத் தொடங்கியது. வந்தது என்றால் வந்துகொண்டேயிருந்தது. காஞ்சிபுரம், கோட், தள்ளுவண்டியில் பிள்ளை, மனோர் பார்க் கோயிலில் இருந்து நேரே திருநீற்றோடு வந்தவர்கள். பிராட்வெல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அம்பலவாணனுக்குக்கூட ஒரு கணம் நெஞ்சு இளகியது.

பிறகு ஆட்டக்களத்தின் நடுவைப் பார்த்தார். இளகியது அப்படியே இறுகிவிட்டது.

நடுவட்டத்தில் குத்துவிளக்கு நின்றது. இரண்டு வீரர்கள் எதிரெதிரே நின்று துள்ளி, ஆட்டத்தின் முதல் பந்தைத் தட்டுகிற வட்டம் அது. அதில் வாழையிலை விரித்து, ஆளுயர விளக்கை வைத்து, ஐந்து திரியும் போட்டு, எண்ணெயை விளிம்புவரை வார்த்திருந்தார்கள்.

"டொக்டர்! இதென்ன அநியாயம்? எடுங்கோ அங்கால!"

"ஏன் காணும் பதறுறீர்? அவங்களே வட்டம் கீறி வச்சிருக்கிறாங்கள். எவ்வளவு மரியாதை பாரும்."

"அது விளக்கு வைக்கக் கீறினதில்லை!"

"அப்ப என்னத்துக்கு?" என்று டொக்டர் உண்மையாகவே கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை, பிரதம விருந்தினர் வந்துவிட்டார்.

பிரதம விருந்தினர் சபாரத்தினம், ஜே.பி. என்ற சமாதான நீதவான் பட்டக்காரர், ஸ்ட்ரெதமில் இருந்து ஆற்றைக் கடந்து வந்தவர். ஆற்றைக் கடந்ததே ஒரு தியாகம் என்பதுபோல எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டு நடந்தார். விளக்கேற்றல் தொடங்கியது. ஐந்து திரிக்குப் பன்னிரண்டு தம்பதிகளை அழைத்திருந்தார்கள். ஏற்றிய திரியையே அடுத்தவர்கள் வந்து மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு கைநடுக்கத்துக்கும் எண்ணெய் ஒரு சொட்டு இலையைத் தாண்டி மரத்தரையில் விழுந்தது. பிறகு கடவுள் வணக்கம். பிறகு வரவேற்பு நடனம். நட்டுவாங்கத் தாளத்தோடு ஓர் ஆசிரியை கூடையின் கீழேயே சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். பிறகு உரைகள்.

புள்ளிகளையும் நேரத்தையும் பதிகிற மேசையில் மகாலிங்கம் இருந்தார். ஈப்போவில் இருந்து படிக்க வந்து, கணக்காளராக இங்கேயே தங்கிவிட்டவர். மரினர்ஸின் தோல்விகளை அம்பலவாணனோடு சேர்ந்து அனுபவித்த ஒரே தமிழர்.

"அண்ணே, மணி எட்டாச்சு," என்றார். "ரூல் தெரியும்ல? எட்டேகாலுக்குள்ள ஆரம்பிக்கலன்னா கேமை அவங்களுக்குக் குடுத்துருவாங்க. கோர்ட்டை ரெடி பண்ண வேண்டியது ஹோம் டீம் பொறுப்பு. இருபதுக்கு சைபர்."

"ரெஃபரியோட கதைச்சனீரோ?"

"கதைச்சேன். அவரு வாட்சைக் காட்டுறாரு. அவ்வளவுதான்."

நடுவர் சுவரோரம் நின்றார். ஒல்லியான மனிதர், சிரிப்பதற்குக் கட்டணம் உண்டு என்பதுபோன்ற முகம். களத்தோரம் வீரர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி முடிந்திருந்தது. ஹாலிஸ்டர் முழங்காலில் குந்திப் போர்த்திக்கொண்டபோது "என்ன பணிவு!" என்று சனம் கைதட்டியது. அவன் இப்போது ஒரு கையில் கடித்த வடையோடு, சூடு ஆறிய தசைகளோடு, சபாரத்தினத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓரிரு வார்த்தைகள் மட்டும்" என்றுதான் சபாரத்தினம் தொடங்கியிருந்தார். அந்த ஓரிரு வார்த்தை இப்போது சங்ககாலத்தில் வீரர்கள் பந்து விளையாடினார்களா இல்லையா என்ற இடத்தில் நின்றது. விளையாடினார்கள் என்பது அவர் கட்சி.

நம்மவர் மேடையில் பேசுகிறவரை நிறுத்த ஒரேயொரு மரியாதையான வழி உண்டு: துண்டு. அம்பலவாணன் ஒரு காகிதத்தைக் கிழித்து, "நேரம் முடிந்துவிட்டது. மட்ச் பறிபோகப் போகிறது. நிறுத்தவும். அம்பலவாணன்" என்று எழுதி அனுப்பினார். சபாரத்தினம் கண்ணாடி கொண்டுவரவில்லை. துண்டைத் தலைவரிடம் நீட்டினார். டொக்டர் அதில் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தார். துண்டு அனுப்புகிற ஆட்களை அவர் முப்பது வருடமாக அறிவார். மேடையில் தன்னைக் கூப்பிடவில்லை என்ற மனத்தாங்கல் தவிர வேறு எதற்கு ஒருத்தன் துண்டு அனுப்புவான்?

மைக்கை வாங்கினார். "அன்பர் அம்பலவாணன் ஒரு துண்டு அனுப்பியிருக்கிறார். இந்த விழாவுக்கு வித்திட்டவரே அவர்தான். அவரை நாங்கள் மறந்தது எங்கட பிழை. ஏன் காணும் ஒளிக்கிறீர்? மேடைக்கு வாரும்! அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பம்."

கைதட்டல். யாரோ அவரைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அம்பலவாணன் நடுவட்டத்துக்கு வந்தபோது காது இரண்டும் கொதித்தன. டொக்டர் சரிகைத்துணியை அவர் தோளில் போர்த்தினார். புகைப்படக்காரர் "ஒருக்கா திரும்புங்கோ" என்றார். திரும்பினார். "இன்னுமொருக்கா, டொக்டரைப் பாத்து" என்றார்.

அதோடு பொறுமை போயிற்று.

அம்பலவாணன் குனிந்தார். குத்துவிளக்கின் ஐந்து சுடரையும், வாயால், ஒரே மூச்சில், பிறந்தநாள் கேக்கை ஊதுகிறமாதிரி ஊதி அணைத்தார்.

 விளக்கைப் பூவால் அணைப்பார்கள், விரலால் திரியை இழுத்து அமர்த்துவார்கள். வாயால் ஊதுகிறவனை வீட்டிலேயே அறைவார்கள். அம்பலவாணன் மைக்கைப் பறித்தார்.

"எழும்புங்கோ! எல்லாரும் கதிரைக்குப் போங்கோ! விளையாட வந்தவங்களை விளையாட விடுங்கோ! சங்ககாலத்தில விளையாடினாங்களோ இல்லையோ, இண்டைக்கு விளையாடவேணும்!"

விளக்கைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். தோளில் கிடந்த பொன்னாடையை இழுத்து, முழங்காலில் நின்று, நடுவட்டத்து எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினார். சரிகை எண்ணெயை உறிஞ்சவில்லை. அந்தத் துணிக்குப் பளபளக்கத்தான் தெரியும். எண்ணெய் வட்டத்தைத் தாண்டி இன்னும் பரவியது.

"விளக்கை வாயால ஊதிப்போட்டான்! பொன்னாடையால நிலம் துடைக்கிறான்!" என்று கமிட்டி களத்துக்குள் இறங்கியது. "மங்கல விளக்கு ஐசே அது! உமக்கு விசரே?" "மன்னிப்புக் கேளும்! மைக்கில கேளும்!" "முதல்ல அதைத் திரும்ப ஏத்துங்கோ!" ஒருவர் நெருப்புப்பெட்டியோடு விளக்குக்கு ஓட, இன்னொருவர் விளக்கை மறுபடி வட்டத்துக்கே தூக்கி வந்தார். சிவகௌரி துடைக்கும் காகிதச் சுருளை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்து கணவருக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"சரிகையால எண்ணெய் துடைக்கிற என்ஜினியரை இண்டைக்குத்தான் கண்டன்," என்றாள். "தள்ளுங்கோ அங்கால."

அவள் துடைத்து முடித்தபோது தரை காய்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பதினேழு பேர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேசைக்கு நடந்தார், குனிந்து எழுதினார். மகாலிங்கம் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இருபதுக்குப் பூச்சியம். மரினர்ஸ் ஒரு பந்தும் தொடாமல் பருவத்தின் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள்.

அம்பலவாணன் முழங்காலில் இருந்து எழும்பவில்லை. துண்டு அனுப்பாமல் இருந்திருந்தால் சபாரத்தினம் தானாகவே முடித்திருப்பார். விளக்கை ஊதாமல் தூக்கி மட்டும் வைத்திருந்தால் இந்தச் சண்டை வந்திராது. அந்தக் கால் மணிநேரத்தில் பாதியை டொக்டர் தின்றார். மீதியைத் தின்றது தன்னுடைய வாய்தான் என்று கணக்குப் போட்டபோது, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவர் நிலத்தையே முறைத்தார்.

டைட்டன்ஸ் பயிற்சியாளருக்கு இந்த வெற்றி வெட்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் பெருந்தெருவில் வந்துவிட்டு விளையாடாமல் போவதா, கணக்கில் சேராவிட்டாலும் பரவாயில்லை, சிநேகபூர்வமாக ஆடுவோம் என்றார். சனமும் போகவில்லை. போகமுடியாது, சாப்பாட்டுப் பார்சல் முடிவில்தான் என்று கமிட்டி கெட்டித்தனமாக அறிவித்திருந்தது.

ஹாலிஸ்டர் பொன்னாடையை மடித்து, பெஞ்சில் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கினான்.

பத்து வருடத்தில் அப்படியொரு ஆட்டத்தை அம்பலவாணன் பார்த்ததில்லை. தோள் அசைந்தது, மறித்தவன் சாய்ந்தான், பந்து கூடைக்குள் இருந்தது. இரண்டு பேராக மறித்தார்கள். அவன் பந்தைப் பின்னால் கொடுத்தான், மூலையில் நின்ற பி.டி. மாஸ்டர் எறிந்து விழுத்தினார். நட்டுவாங்க ஆசிரியை ஒவ்வொரு கூடைக்கும் தாளத்தை ஓங்கித் தட்டினார். முதலில் பார்சலுக்காக இருந்தவர்கள் இரண்டாம் பாதியில் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள். "அடி ராசா!" என்று ஒரு காஞ்சிபுரம் எழும்பி நின்று கத்தியது. சபாரத்தினம் ஜே.பி. தன்னை மறந்து விசிலடித்தார். மரினர்ஸ் இருபத்தாறு புள்ளிகளால் வென்றார்கள். மண்டபம் ஆர்ப்பரித்தது. அது ஒன்றுக்கும் உதவாத வெற்றி என்று தெரிந்த தமிழர்கள் அங்கே இரண்டே பேர்தான். ஒருவர் மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தார். மற்றவர் கைதட்டினார், ஒவ்வொரு தட்டும் யாரையோ அறைகிறமாதிரி.

டொக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தீரே? விளக்கை நீர் ஊதினாலும் எங்கட வாழ்த்துப் பலிச்சிட்டுது. வெண்டாச்சு!"

"தோத்தாச்சு, டொக்டர்."

"என்ன விசர்க்கதை? இருபத்தாறாலயெல்லோ!"

"தோத்தாச்சு. நீங்கள் விளக்கு வச்சு, நான் விளக்கை ஊதி, இரண்டு பேருமாச் சேர்ந்து தோக்கடிச்சிட்டம். இப்ப நடந்தது விளையாட்டுக்கு விளையாடினது."

டொக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் பிராட்வெல் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அற்புதம், அற்புதம். ஒரு கதிரைகூடக் காலி இல்லை. முதல் ஆட்டத்தை இழந்தது துரதிர்ஷ்டம்தான், ஆனால் ஆட்டங்கள் வரும் போகும், குடும்பம் அல்லவா முக்கியம். அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கும் இதேபோல ஒன்று செய்யமுடியுமா? அந்த அழகான விளக்கும் வருமா?

"தீபாவளி வருது," என்றார் டொக்டர் முகம் மலர்ந்து. "பெரிசாச் செய்வம். இந்தமுறை நேரம் காணாமப் போச்சு, இரண்டு பேரைக் கூப்பிடேல்லை எண்டு மனத்தாங்கல்."

அம்பலவாணன் இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.  குரல், சிவகௌரிகூட அதிசயித்துப் பார்க்கும்படி, அமைதியாக வந்தது.

"செய்யுங்கோ டொக்டர். நல்லாச் செய்யுங்கோ. பன்னிரண்டு இல்லை, இருபத்துநாலு தம்பதிகளைக் கூப்பிடுங்கோ. விடியவிடியப் பேசுங்கோ. ஆனா மட்ச் முடிஞ்சாப்பிறகு."

"மட்ச் முடிஞ்சாப்பிறகோ?" டொக்டர் திடுக்கிட்டார். "என்ன காணும் சொல்லுறீர்? மட்ச் முடிஞ்சா சனம் எழும்பிப் போயிடுமே!"

சொல்லிவிட்டுத்தான், தான் சொன்னது என்னவென்று அவர் காதிலேயே விழுந்தது. பக்கத்தில் நின்ற கமிட்டி ஆட்களில் ஒருவர் இருமினார். ஒருவர் கூரையைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார்?" என்று பிராட்வெல் கேட்டார். மகாலிங்கம் மேசையில் இருந்து தலையைத் தூக்கி, ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். பிராட்வெல் டொக்டரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், மனதுக்குள் கதிரைகளை எண்ணினார்.

"அப்படியானால் பிறகு," என்றார். "பிறகு."

டொக்டர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, பார்சல் கொடுக்கிற பக்கம் தனக்கு அவசர வேலை இருப்பதுபோலப் போனார்.

காரில் சிவகௌரி கேட்டாள்: "அப்ப இப்ப வெண்டதோ, தோத்ததோ?"

"தோத்தது! பட்டியலில கடைசி இடம்! ஒரு பந்து தொடாமக் கடைசி! முழு இங்கிலாந்திலயும் இப்படித் தோத்த முதல் டீம் நாங்களாத்தான் இருப்பம்!" ஸ்டியரிங்கில் குத்தினார். ஹோர்ன் அலறியது. முன்னால் போன கார்க்காரன் கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னான். "அந்த ஹாலிஸ்டரைப் பாத்தீரோ? அந்தத் திரும்பலைப் பாத்தீரோ? அடுத்த சனிக்கிழமை வெளியூரில. அங்க டொக்டரும் இல்லை, விளக்கும் இல்லை. நாப்பது புள்ளியால வெல்லாட்டி என்ர பேரை மாத்தும்!"

"வெல்லும், வெல்லும்," என்றாள் சிவகௌரி, பார்சலைப் பிரித்து ஒரு வடையை அவர் வாயில் திணித்தபடி. "முதல்ல காரைப் பாத்து ஓட்டுங்கோ."